அபோண்டியின் பெயருக்கு வரும் பதில்கள்

அத்தியாயம் 7

ஒபுரா ஆறு மணிக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு வாளி பிடித்தான். ஒன்றைக் குளியலறையில் வைத்தான். இன்னொன்றைப் பால்கனிக்குத் தூக்கிப்போய், மண் நிரப்பிய சாக்குகளுக்கு ஊற்றினான். சாக்குகளின் வயிற்றில் போட்ட ஓட்டைகளிலிருந்து சுக்குமா கீரை எட்டிப் பார்த்தது. பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டான்.

ஹாவி தூங்கிக்கொண்டிருந்தாள். அரைப்பருவ விடுமுறை. எழுப்பவில்லை.

பால் விட்டுத் தேநீர் கொதிக்க வைத்தான். சர்க்கரை போட மறந்து, பிறகு போட்டான். மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். அபோண்டியின் மெயில் பெட்டிக்குள் போனான். மூன்று பதில்கள் வந்திருந்தன. மூன்றுக்கும் பதில் எழுதினான். ஒவ்வொன்றின் கீழும் ‘அன்புடன், அபோண்டி’ என்று போட்டான்.

பிறகு தேநீரைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

மனைவி அபோண்டியைப் புதைத்து ஆறாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

சொந்த ஊரான உகேன்யாவில், ஒபுராவின் அப்பாவுடைய கொல்லையில் வைத்தார்கள். அங்கே அவனுக்கும் அவளுக்கும் வீடு இல்லை. பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று கிசுமு நகரத்திலேயே இருந்துவிட்டார்கள். வீடில்லாத மருமகளை அந்த மண்ணில் வைக்க முடியாது. ஆகவே உடல் வருவதற்குள் சித்தப்பாமார் அவசரமாக ஒரு தகர வீட்டை நிறுத்தினார்கள். அவளுக்கென்று கட்டின முதல் வீடு. அதில் அவள் ஒரு ராத்திரி பெட்டிக்குள் இருந்தாள். அவள் போன பிறகு அவன் சில ராத்திரி தனியாகப் படுத்திருந்துவிட்டு, கிசுமு திரும்பி, மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தான். யாரோ அபோண்டிக்கு எழுதியிருந்தார்கள். பதில் போட்டான்.

அன்று தொடங்கியது. இது வீட்டிலோ ஊரிலோ யாருக்கும் தெரியாது.

நேற்று சாயங்காலம் ஹோமா பேயிலிருந்து பெரிஸ் வந்து இறங்கியிருந்தாள். அபோண்டியின் அக்கா. பள்ளிக்கூட டீச்சர். வந்ததும் அடுப்பைப் பார்த்து, “இதை அடுப்புன்னு சொல்றியா?” என்று கேட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். விடுமுறை முடிகிறவரை இருப்பதாகச் சொன்னாள்.

இப்போது சமையலறையில் மாண்டாசிப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தம் கேட்டது. அவள் போன் ஒருமுறை கூவியது. சற்று நேரத்தில் எண்ணெய்ச் சத்தம் நின்றது.

“ஹாவி அப்பா.”

“ம்.”

“இது என்ன?”

அவள் வாசல்படியில் நின்றாள். கையில் மாவு. போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

‘அன்புள்ள பெரிஸ், போன வாரம் நான் எழுதியது உங்கள் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. உங்கள் பள்ளித் தோட்டத்தைப் பற்றிய பக்கத்தை ரசித்துப் படித்தேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அன்புடன், அபோண்டி.’

கீழே வட்டத்துக்குள் அவள் படம். மஞ்சள் தலைத்துணி. யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்த முகம். சொன்னது ஒபுராதான்.

என்ன நடந்தது என்று அவனுக்கு உடனே புரிந்தது. தோட்டம் பற்றிப் பேசும் இணையப் பக்கங்களை மடல் அனுப்பும் மெஷின் தேடி எடுக்கும். அந்தப் பக்கத்தில் இருக்கும் பெயருக்கு அபோண்டி பெயரில் மடல் போகும். பதில் வராவிட்டால் சில நாள் கழித்து இன்னொன்று போகும். பெரிஸ் தன் பள்ளிக்கூடத் தோட்டக் குழுவுக்குப் பொறுப்பு. அவள் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தது. அவன் கவனிக்கவில்லை. முதல் மடல் அவள் குப்பைப் பெட்டியில் விழுந்திருக்கும். இரண்டாவது நேரே வந்துவிட்டது.

“போன வாரமே எழுதினாளாம்” என்றாள் பெரிஸ். “போன வாரம் அவ எங்க இருந்தா? நீயும்தானே மண்ணு போட்ட?”

“மெஷின் அனுப்பினது, அக்கா.”

“மெஷினுக்கு என் தங்கச்சி பேரை வச்சது யாரு?”

“அவளேதான்.”

பெரிஸ் போனை மறுபடி பார்த்தாள்.

ஹாவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. முன்பல் ஒன்று இல்லை.

“அம்மா மெயில் போட்டிருக்காளா?”

ஹாவி எக்கிப் பார்த்தாள்.

“பெரியம்மாவுக்கு மட்டுமா? எனக்கு?”

பெரிஸ் போனைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “உனக்கு மாண்டாசி இருக்கு. மூஞ்சி கழுவிட்டு வா.”

“எனக்குப் படிக்கத் தெரியும்” என்றாள் ஹாவி. “சின்ன வார்த்தையா போட்டா படிப்பேன்.”

பெரிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

* * *

கூகுளில் ஒரு கடை மேலே வர வேண்டுமானால், வேறு தளங்கள் அதைச் சுட்டிக்காட்ட வேண்டும். அப்படிச் சுட்டும் ஒவ்வொரு லிங்க்கும் ஒரு சாட்சி மாதிரி. சாட்சி சொல்ல ஆள் பிடிப்பதுதான் ஒபுராவின் தொழில். இங்கிலாந்தில் மண்வெட்டியும் கத்தரியும் விற்கும் ஒரு கடைக்காக, உலகத்தில் தோட்டம் பற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் மடல் போடுவான். உங்கள் பக்கத்தில் எங்களுக்கு ஒரு லிங்க் கொடுங்கள் என்று கேட்பான்.

சொந்தப் பெயரில் யாரும் எழுதுவதில்லை. கிசுமுவிலிருந்து ஒபுரா என்று ஒருவன் எழுதினால் திறக்க மாட்டார்கள். அவனும் எல்லோரையும் போல ஒரு வெள்ளைக்காரப் பெண் பெயரையும் விலைக்கு வாங்கின படத்தையும் வைத்திருந்தான். எம்மா.

ஒருநாள் அபோண்டி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“யாருப்பா இந்த எம்மா? பொழுதன்னைக்கும் இவ கூடத்தான் இருக்க.”

“வேலை.”

“பதில் போடறாங்களா இவளுக்கு?”

“இல்ல.”

“போட மாட்டாங்க. பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருக்கா. என் பேர்ல எழுது. என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?”

அவள் பெயரில் எழுதினான். அவள் படித்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒரு மனுஷி இப்படியா பேசுவா? தள்ளு.” நாற்காலியிலிருந்து அவனை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

மண்வெட்டியைப் பற்றிக் கடைசி வரியில்தான் எழுதினாள். அதற்கு முன்னால் பால்கனிச் சாக்குகளைப் பற்றி எழுதினாள். கீழ்வீட்டுக்காரர் ஆடு படியேறி வந்து கீரையைத் தின்றுவிட்டு, இறங்கத் தெரியாமல் கத்தினதைப் பற்றி எழுதினாள். பொய் ஒன்றுமில்லை. பதில்கள் வந்தன. லிங்க்குகள் வந்தன. கடை முதல் பக்கத்துக்கு ஏறியது. அதன் பிறகு அந்தப் பெட்டி அவளுடையதாகவே ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஒபுரா பெரிஸிடம் சுருக்கமாகச் சொன்னான். பெரிஸ் முழுக்கக் கேட்டாள். டீச்சர். பையன் சாக்குப்போக்கு சொல்லி முடிக்கிறவரை காத்திருக்கப் பழகினவள்.

“அதாவது, செத்தவளை இன்னும் வேலைக்கு அனுப்பிட்டிருக்க.”

அவன் காலித் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தான்.

“ஞாயித்துக்கிழமையாவது லீவு உண்டா அவளுக்கு?”

“அக்கா.”

“நிறுத்து.”

“நிறுத்தறேன்.”

“இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

லேப்டாப் அவன் எதிரில் திறந்திருந்தது. அவன் கை மேசை மேலேயே இருந்தது. பெரிஸ் அந்தக் கையைப் பார்த்தாள்.

“முடியலையா?”

“காலைல திறந்தா யாராவது எழுதியிருப்பாங்க” என்றான். “அன்புள்ள அபோண்டி, எப்படி இருக்கன்னு. வேற எங்கயும் அவளை யாரும் அப்படிக் கேக்கறதில்ல. தெருமுனைக் கடைக்காரன்கூடக் காலஞ்சென்றன்னு சேர்த்துத்தான் பேரைச் சொல்றான். இவங்களுக்கு மட்டும்தான் தெரியாது, அக்கா.”

பெரிஸ் கையிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் துடைத்தாள்.

* * *

பத்து மணிக்கு நைரோபியிலிருந்து முத்தோக்கி கூப்பிட்டாள். ஒபுராவுக்கு வேலை தரும் ஏஜென்சியை நடத்துகிறவள். சாவுக்கு உகேன்யாவரை வந்து அழுதுவிட்டுப் போனவள். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“ஒபுரா, சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“பொய். சரி, விஷயத்துக்கு வரேன். தப்பா எடுத்துக்காத. அந்த அபோண்டி பெட்டி இருக்கில்ல, கடைக்காரங்க அதை விட மாட்டேங்கறாங்க. வேற எந்தப் பேருக்கும் அந்த மாதிரி பதில் வரல. நீ கொஞ்ச நாள் ஓய்வெடு. இங்க வேலை பாக்கற பொண்ணுங்கள்ல ஒருத்தியை உக்கார வச்சு எழுதச் சொல்றேன். பாஸ்வேர்டை மட்டும் குடு.”

“அது அவ பேரு.”

“தெரியும்பா. ஆனா நம்ம தொழில்ல யாரு சொந்தப் பேர்ல இருக்கா? இங்க ஒரு தாடிக்காரன் மூணு வருஷமா ரெபெக்கா. போன மாசம் ஒருத்தர் அவனைக் கட்டிக்கறேன்னு கேட்டுட்டார்.” தானே சிரித்து, தானே நிறுத்திக்கொண்டாள். “சாயங்காலத்துக்குள்ள சொல்லு. திங்கக்கிழமை புது மடல் வரிசை அனுப்பணும்.”

அவள் வைத்ததும் பெரிஸ் கேட்டாள். “குடுக்கப் போறியா?”

“தெரியல.”

“யாரோ ஒருத்தி உக்காந்து, நான் அபோண்டி, எம் பொண்ணு ஹாவின்னு எழுதுவா. அதுவும் தெரியலையா உனக்கு?”

அவன் பதில் சொல்வதற்குள் லேப்டாப் மணியடித்தது. ஸ்காட்லாந்திலிருந்து அலஸ்டரின் மடல். தோட்டத்தைப் பற்றி எழுதும் கிழவர். மனைவி மோரக்கை இழந்தவர். அபோண்டியின் சாக்குகளைப் பற்றித் தன் பக்கத்தில் எழுதி, முதல் லிங்க் கொடுத்தவர் அவர்தான். அபோண்டி அவரைத் தாத்தா என்றே சொல்வாள்.

ஒபுரா திரையைச் சாய்க்கப் பார்த்தான். பெரிஸ் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

‘அன்புள்ள அபோண்டி, இது வேலை விஷயம் இல்லை. கொஞ்ச நாளாக உன் கடிதம் மூன்று வரிக்கு மேல் போவதில்லை. ஹாவிக்குப் பல் விழுந்ததா என்று கேட்டேன். ஆம், நன்றி என்று எழுதினாய். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எதையாவது தவறாகச் சொல்லிவிட்டேனா? மோரக் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுகிறவர்கள் குறைவு. கோபமென்றால் கோபமாகவே எழுது. பெரிதாக எழுது.’

பெரிஸ் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஆம், நன்றி” என்றாள். “ஏம்ப்பா, இதுவா அபோண்டி? அவ ஒத்தை வார்த்தையோட வாயை மூடின நாள் உண்டா? பொறந்தப்பவே நாலு வீடு கேக்கற மாதிரி கத்தினவ.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. அது பாதியில் வேறு சத்தமாக மாறியது. தோளைத் தொடலாமா என்று ஒபுரா யோசித்தான். தொடவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்காமல் பழைய மடல்களுக்குப் போனாள். அபோண்டி அலஸ்டருக்கு எழுதியவை. ஒன்றைத் திறந்தாள்.

‘என் அக்கா பெரிஸ் டீச்சர். அவள் பள்ளித் தோட்டத்தில் செடிகூட வளையாமல் நேராகத்தான் வளரும். அவ்வளவு பயம். நான் காலேஜில் டைபாய்டு வந்து கிடந்தபோது, பஸ் மாறிப் பஸ் மாறி வந்து, என்னைத் திட்டிக்கொண்டே குளிப்பாட்டினாள். தலை துவட்டும்போதும் திட்டினாள். அவ்வளவு பத்திரமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் திட்டுவாள்.’

பெரிஸ் எழுந்து பால்கனிக்குப் போனாள். சுக்குமா பறித்தாள். மூன்று பேருக்கு வேண்டியதைவிட அதிகம் பறித்தாள். சாக்கில் காம்பு மட்டும் மிஞ்சுகிறவரை பறித்தாள்.

ஒபுரா உள்ளே தனியாக இருந்தான். மெஷினைத் திறந்தான். அனுப்பக் காத்திருந்த மடல்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் அதே மஞ்சள் தலைத்துணி. எல்லாவற்றிலும் ‘காத்திருக்கிறேன்’. நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றான்.

வேறு ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஒரு டுக்டுக் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

* * *

மத்தியானம் உகாலிக் களியும் ஒமேனா மீனும் கீரையும் சாப்பிட்டார்கள். ஹாவி மீன் தலைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

“பெரியம்மா, அம்மாவுக்கு நீங்க பதில் போட்டீங்களா?”

“இல்ல.”

“காத்துக்கிட்டு இருக்கேன்னு போட்டிருந்தாளே.”

பெரிஸ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த குழந்தை. தோளில் தூக்கிக்கொண்டு போனபோது திரையைப் பார்த்துவிட்டிருந்தாள்.

“அது அம்மா எழுதினது இல்ல ஹாவி” என்றான் ஒபுரா. “அம்மா பேர்ல மெஷின் எழுதினது.”

“ஏன்?”

“அப்பா நிறுத்த மறந்துட்டேன்.”

ஹாவி அவனைப் பார்த்தாள். “மறக்கல” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தட்டு கழுவும்போது பெரிஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள். “தம்பி, காலைல மூடச் சொன்னேன். மூடிடாத. அதுல இன்னும் நெறைய எழுதி வச்சிருக்கா. நான் படிக்கணும்.”

“படிங்க. யாருக்கும் இனிமே அவ பேர்ல எழுத மாட்டேன்.”

“அந்தக் கிழவருக்கு?”

அவன் கழுவின தட்டைத் துடைத்து அடுக்கினான்.

சாயங்காலம் முத்தோக்கி கூப்பிட்டாள். ஹாவி பக்கத்து அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ்வேர்ட் தர முடியாது” என்றான் ஒபுரா.

மறுமுனையில் மூச்சு விட்டாள். “அப்படின்னா உன்னை இந்த வேலைல வச்சுக்க முடியாது, ஒபுரா.”

“சரி.”

“சரின்னு சொல்லாதடா. திட்டு, ஏதாவது பேசு.” கொஞ்சம் தயங்கினாள். “இன்னொண்ணு சொல்லணும். நீ பெட்டியைக் குடுக்கலைன்னாலும் அவங்க புதுசா ஒண்ணு தொறந்துப்பாங்க, அதே பேர்ல. படம் அவங்ககிட்ட இருக்கு. ஆரம்பத்துல நீங்க ரெண்டு பேரும்தானே அனுப்பினீங்க. நான் வேண்டாம்னு சொல்லிப் பாக்கறேன். கேப்பாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

பெரிஸ் போனைப் பிடுங்கினாள். “நான் அவ அக்கா பேசறேன். அந்தக் கடைக்காரன் பேரும் ஊரும் எனக்கு வேணும். நீ குடுக்கறியா, நானே நைரோபி வந்து வாங்கிக்கவா?”

“அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“திங்கக்கிழமை வரேன். உக்கார ஒரு நாற்காலி போட்டு வை.” வைத்துவிட்டாள். “திங்கக்கிழமை ஸ்கூல் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “இருக்கட்டும்.”

பிறகு லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“எழுது. இந்த மனுஷனுக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லு. தான் ஏதோ தப்பு பண்ணிட்டதா நெனச்சுட்டு உக்காந்திருக்கார்.”

ஒபுரா எழுதினான். ‘அன்புள்ள அலஸ்டர், நான் ஒபுரா. அபோண்டியின் கணவன்.’

நின்றான். திரையில் கோடு மின்னி மின்னி அணைந்தது.

“மேல எழுது.”

“என்னன்னு எழுதறது?”

“நடந்ததை. வயித்துவலின்னு போனா. ஆபரேஷன்னு சொன்னாங்க. கண்ணு முழிக்கல. அவ்வளவுதானே. அப்புறம் கடைசியா என்ன சொன்னான்னு எழுது. கேப்பார். எல்லாரும் அதைத்தானே கேக்கறாங்க.”

அவன் விரல்களை எடுத்துவிட்டான்.

பெரிஸ் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். “அடக்கத்தன்னிக்குக் எல்லாருக்கும் குடுத்த சின்னப் புத்தகத்துல அவ கடைசி வார்த்தைன்னு நான்தான் போட்டேன்” என்றாள். “என் பிள்ளையை ஆண்டவர் கையில ஒப்படைக்கிறேன்னு. அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா, எனக்குத் தெரியும். நீ வாயே திறக்கல. ஊரே வாசல்ல நின்னு கேக்குது, நான் என்ன பண்ண?” அவள் குரல் இறங்கியது. “நிஜமா என்னதான் சொன்னா? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

பக்கத்து அறையில் கார்ட்டூன் சிரித்தது. ஹாவி சிரிக்கவில்லை.

“தாழ்வாரத்துல கட்டிலைத் தள்ளிட்டுப் போறாங்க” என்றான் ஒபுரா. “அந்த வலியிலயும் போனைப் பாத்துட்டிருந்தா. இவர்தான் எழுதியிருந்தார். மோரக் வச்ச ரோஜா பூத்திருக்கு, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலைன்னு. நர்ஸ் வந்து போனை வாங்கி என்கிட்ட குடுத்தாங்க. கதவு திறந்துச்சு. அவ தலையைத் தூக்கி என்னைப் பாத்தா.”

“ம்.”

“ஆண்டவரை எல்லாம் கூப்பிடல, அக்கா. ஹாவி பேரையும் சொல்லல. சும்மா கடைக்குப் போற மாதிரி சொன்னா.”

“என்ன சொன்னா?”

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“தாத்தாவுக்கு நீ பதில் போட்டுடாத, உனக்கு எழுத வராது. நான் வந்து எழுதிக்கறேன்.”